ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்கள்!
3,513 மைல் கடலை இடைவிடாமல் கடந்த பறக்கும் படகுகள்

விமானத்தில் ஏறி உட்காருகிறீர்கள். சிறிது நேரத்தில் கிழக்கே சூரியன் உதிக்கிறது. பகல் முழுவதும் பறக்கிறீர்கள். கீழே தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. சூரியன் அஸ்தமிக்கிறது. இரவு முழுவதும் பறக்கிறீர்கள். மறுபடியும் சூரியன் உதிக்கிறது. விமானம் இன்னும் பறந்துகொண்டே இருக்கிறது!

இது கற்பனை அல்ல. 1943 முதல் 1945 வரை இலங்கையின் தென்கோடிக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் இடையே இப்படித்தான் விமானங்கள் போய்வந்தன. ஒரு முனை, காலி நகரத்துக்குக் கிழக்கே உள்ள கொக்கல என்ற ஏரி. மற்றொரு முனை, பெர்த் நகரத்தின் ஸ்வான் நதி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 3,513 மைல். அதாவது, ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். வழியில் ஒரு விமான நிலையம் கிடையாது. ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. பிரயாண நேரம் 27 மணி முதல் 33 மணி வரை.

இன்றைய ஜெட் விமானம் இதே தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அன்று அதே தூரத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. அப்படி உயிரைப் பணயம் வைத்து எதற்காகப் பறந்தார்கள்?

அறுந்துபோன வழி

யுத்தத்துக்கு முன்பு ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு நல்லதோர் ஆகாய மார்க்கம் இருந்தது. 1938-ல் சிட்னி நகரத்திலிருந்து புறப்படும் பறக்கும் படகு, டார்வின், ஜாவா, சிங்கப்பூர், பாங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று ஒவ்வோர் ஊராக இறங்கி ஏறி, சுமார் பத்து நாளில் இங்கிலாந்து போய்ச் சேரும். இரவு நேரங்களில் பிரயாணிகள் ஹோட்டல்களில் தங்கித் தூங்குவார்கள். பணக்காரர்களின் உல்லாசப் பிரயாணம் அது.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நான்கு நாள் கழித்து டார்வின் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூனும் ஜாவாவும் கைமாறின. அதே மாதத்தில் அந்தமான் தீவுகளிலும் ஜப்பானியர் இறங்கினர். சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தன. ஆஸ்திரேலியா உலகத்தின் ஒரு மூலையில் தனித்து நின்றது.

ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் பலர் அப்போது தூர தேசங்களில் இருந்தனர். அவர்களுடைய கடிதங்கள் கப்பலில் வாரக்கணக்கில் மிதந்து வரவேண்டும். நடுக்கடலில் கப்பல் மூழ்கினால் கடிதமும் போயிற்று. இரு நாட்டு அரசாங்கங்களுக்கும் இடையே போகவேண்டிய முக்கியமான காகிதங்களின் கதியும் அதுதான்.

மிஞ்சியிருந்த நேர்வழி ஒன்றே ஒன்று. இந்து மகாசமுத்திரத்தைக் குறுக்கே, நிற்காமல் தாண்டுவது!

எச்சரிக்கை தந்த ஏரி

கொக்கல ஏரி கடலை ஒட்டிய பெரிய காயல். பிரிட்டிஷ் விமானப்படை அங்கே நீரில் இறங்கும் விமானங்களுக்கு ஒரு தளம் அமைத்திருந்தது. அந்தத் தளம் உலகத்துக்குப் பயன்பட்ட முதல் பெரிய சம்பவம் 1942 ஏப்ரல் 4-ந் தேதி நடந்தது.

அன்று அதிகாலையில் கானடா விமானப்படையின் காடலினா விமானம் ஒன்று ஏரியிலிருந்து கிளம்பியது. அதன் தலைவர் லியனார்ட் பர்ச்சால். கொக்கலவுக்கு வந்து சேர்ந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. நாள் முழுவதும் தென்கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரத்தில், தொலைவில் சில புள்ளிகள் தெரிந்தன. அருகே போய்ப் பார்த்தால், விமானம் தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்த ஜப்பானியப் பெருங்கடற்படை!

ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. காடலினா கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பர்ச்சாலும் மற்ற ஐவரும் சிறைப்பட்டனர். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பு மீது குண்டு விழுந்தபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறியிருந்தன. மறுதினம் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். ஏப்ரல் 9-ந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹெர்மிஸ்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. பர்ச்சால் யுத்தம் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்து உயிரோடு மீண்டார். 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 2004-ல் காலமானார்.

இந்தக் கடல் எத்தகைய கடல் என்பதற்கு இந்தச் சம்பவமே போதும். இதே கடலைத்தான் ஓராண்டு கழித்து, துப்பாக்கி ஒன்றுகூட இல்லாத விமானங்களில் கடக்கப் புறப்பட்டார்கள்!

நாற்பது பங்கு பெட்ரோல்

இந்தக் காரியத்தை ஏற்றுக்கொண்டது க்வாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி. 1920-ல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஹட்சன் பிஷ் அப்போது அதன் தலைமையில் இருந்தார். சிங்கப்பூர் வழி அடைபட்ட பிறகு, இங்கிலாந்துடன் தொடர்பை எப்படியும் மீட்கவேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய விமானிகளுக்குக் காடலினா புதிதல்ல. 1941-ல் அமெரிக்காவில் கட்டப்பட்ட காடலினாக்களைப் பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டி வந்தவர்கள் அவர்களே.

காடலினா என்பது 'பறக்கும் படகு'. அடிப்பாகம் படகு போலவே இருக்கும். நீரில் ஓடி எழும்பும், நீரிலேயே இறங்கும். இறக்கையின் நீளம் 104 அடி. அதன் மீது இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி. வேகத்தில் ஆமை, சகிப்பில் ஒட்டகம்! மணிக்கு 125 மைல் வேகத்தில் நிதானமாக நாள் முழுவதும் பறக்கும்.

ஆனால் 3,513 மைல் என்பது அதற்கும் மேலான தூரம். என்ன செய்தார்கள்? விமானத்தின் வயிற்றுக்குள் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளைப் பொருத்தினார்கள். துப்பாக்கிகளைக் கழற்றினார்கள். குளிரைத் தடுக்கும் உறைகளைப் பிய்த்து எறிந்தார்கள். இறக்கையில் பனி உறையாமல் காக்கும் கருவிகளையும் விட்டுவைக்கவில்லை. எடையில் ஒவ்வொரு ராத்தலும் கணக்கு!

முடிவில் சுமார் 2,000 காலன் பெட்ரோல் ஏற்ற இடம் கிடைத்தது. பெட்ரோலின் எடை மட்டும் ஆறரை டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை சுமார் 16 டன். அதாவது, நூற்றுக்கு நாற்பது பங்கு பெட்ரோல்தான்!

இத்தனைக்கும் பிறகு ஏற்ற முடிந்த சுமை என்ன தெரியுமா? மூன்றே மூன்று பிரயாணிகள். 69 கிலோ தபால். பிரயாணிகளையும் தபாலையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு கிலோ சுமைக்கும் இருபது கிலோவுக்கு மேல் பெட்ரோல் ஏற்ற வேண்டியிருந்தது. வியாபாரக் கணக்குப் போட்டால் எந்தக் கம்பெனியும் இதைத் தொடாது. ஆனால் அந்தப் பைகளில் இருந்தவை ராஜாங்கக் காகிதங்கள். போர்முனையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து போர்முனைக்கும் போகும் கடிதங்கள். அவற்றுக்கு விலை போடுவது எப்படி?

அபாயம் புறப்பாட்டிலேயே தொடங்கியது. அளவுக்கு மீறிய பாரத்தோடு நீரைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடித்தான் விமானம் எழும்பும். முதல் சில மணி நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றோர் எஞ்சினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. பெட்ரோல் செலவாகிச் செலவாகி எடை குறையக் குறையத்தான் விமானிகளுக்கு மூச்சு வரும்.

சித்திரை, கேட்டை, திருவோணம்

1943 ஜூலையில் போக்குவரத்து ஒழுங்காகத் தொடங்கியது. ஐந்து காடலினாக்கள் இந்தப் பணியில் இருந்தன. அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. எல்லாம் நட்சத்திரங்களின் பெயர்கள். நம் பஞ்சாங்கத்துக்குத் தெரிந்த நட்சத்திரங்களும் இவற்றில் உண்டு. ஸ்பைகா என்பது சித்திரை. அன்டாரிஸ் என்பது கேட்டை. ஆல்டேர் என்பது திருவோணம். வேகா என்பது அபிஜித். ரைஜல் மட்டும் 'வேட்டைக்காரன்' என்னும் ஓரியன் மண்டலத்தின் காலடியில் நீலமாய் ஜொலிக்கும் நட்சத்திரம்.

இந்தப் பெயர்களை அழகுக்காக வைக்கவில்லை. நட்சத்திரங்களை நம்பித்தான் விமானங்களே பறந்தன!

வழியில் ஜப்பானிய ரோந்து விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ரேடியோவில் ஒரு வார்த்தை பேசினால் போதும், இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே ரேடியோ மௌனம். தரையிலிருந்து சங்கேத பாஷையில் வரும் சுருக்கமான வானிலைக் குறிப்பைக் காதால் கேட்டுக்கொள்ளலாம். வாயைத் திறக்கக் கூடாது. கலங்கரை விளக்கம் இல்லை, ராடார் உதவி இல்லை. வழி காட்டும் அதிகாரி ஒருவர், கையில் செக்ஸ்டண்ட் கருவி, ஒரு துல்லியமான கடிகாரம், ஒரு பென்சில், சில அட்டவணைகள். இவ்வளவுதான்.

அவர் செய்யும் கணக்கு இது. தெரிந்த ஒரு நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளப்பார். அந்த விநாடியில் மணி என்ன என்று குறித்துக்கொள்வார். இரண்டையும் அட்டவணையோடு ஒப்பிட்டால், விமானம் இருக்கக்கூடிய ஒரு கோடு படத்தில் கிடைக்கும். வேறொரு நட்சத்திரத்தை அளந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் விமானம் இருக்கிறது!

கேட்பதற்கு எளிது. ஆனால் கடிகாரம் 4 விநாடி பிசகினால், பூமத்திய ரேகைக்கு அருகே ஒரு கடல் மைல் பிசகும். ஒரு நிமிஷம் பிசகினால் பதினைந்து கடல் மைல். விமானத்தின் திசை ஒரே ஒரு பாகை தவறினால், அறுபது மைலுக்கு ஒரு மைல் வீதம் வழி விலகும். 3,513 மைல் முடிவில் ஐம்பது மைலுக்கு மேல் தள்ளிப்போய் நிற்க வேண்டியதுதான். மேகம் மூடிவிட்டால் நட்சத்திரமும் கிடையாது. அப்போது, கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை, காற்று ஆகியவற்றை வைத்து மனக்கணக்காகவே முன்னேற வேண்டும்.

மேகம் எவ்வளவு பொல்லாதது என்பதை 1939-லேயே கண்டிருந்தார்கள். அந்த ஆண்டு 'கூபா' என்ற பறக்கும் படகு, பி. ஜி. டெய்லர் என்ற புகழ்பெற்ற விமானி வழிகாட்ட, மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வழி தேடிப் புறப்பட்டது. முதலில் இறங்க வேண்டிய இடம் கொக்கோஸ் தீவுகள். மேகத்தில் தீவு அகப்படவில்லை. விமானம் பத்தாவியாவுக்குப் போய் இறங்கி, பிறகு மறுபடியும் வந்துதான் தீவைக் கண்டுபிடித்தது. சமாதான காலத்தில் பத்தாவியா அடைக்கலம் தந்தது. 1943-ல் அங்கே இருந்தவர்கள் ஜப்பானியர்!

காற்று வைத்த கணக்கு

தூரம் மாறவில்லை. அப்படியானால் ஒரு நாள் 27 மணியிலும் மற்றொரு நாள் 32 மணியிலும் பிரயாணம் முடிவானேன்?

விமானம் காற்றுக்குள் நீந்துகிறது. காற்று நகர்ந்தால் விமானமும் அதனோடு நகரும். மணிக்கு 125 மைல் வேகத்தில் காற்றில்லாமல் பறந்தால் 3,513 மைலுக்கு 28 மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 15 மைல் எதிர்க்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 110 ஆகக் குறைகிறது. பிரயாணம் 32 மணி ஆகிவிடுகிறது. மணிக்கு 5 மைல் பின்காற்று கிடைத்தாலும் 27 மணியில் போய்ச் சேரலாம்.

மணிக்கு 15 மைல் காற்று என்றால் மரக்கிளைகளைச் சற்று அசைக்கும் காற்று. நாம் மொட்டை மாடியில் அதை ஆவலோடு வரவேற்போம். மெதுவாகப் போகும் விமானத்துக்கு அதுவே நான்கு மணி நேரத்தையும், அதற்கான பெட்ரோலையும் விழுங்கிவிடும். இன்றைய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 550 மைல். அதே காற்று எதிர்த்தால் அதற்குச் சில நிமிஷங்கள்தான் நஷ்டம். வேகம் அதிகமாக ஆக, காற்றின் அதிகாரம் குறைகிறது.

ஆகவேதான் அந்த விமானிகள் தூரத்தை மைல் கணக்கில் நினைக்கவில்லை. பெட்ரோல் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று மணிக் கணக்கிலேயே நினைத்தார்கள்.

சூரியனும் அவசரப்பட்டது

ஜப்பானியர் ரோந்து சுற்றும் கடற்பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரம் கணிக்கப்பட்டது. பூமி உருண்டையின் மீது கொக்கலவிலிருந்து பெர்த்துக்கு நூல் பிடித்தால், அதன் நடுப்புள்ளி கொக்கோஸ் தீவுகளுக்குத் தெற்கே, நூறு மைல் தூரத்துக்குள் விழுகிறது. வடக்கே சுமத்ராவும் ஜாவாவும் எதிரியின் கையில். நடுவழிதான் அபாய வழி. அந்த நடுவழியை இரவின் போர்வைக்குள் தாண்ட வேண்டும். இதனால்தான் பிரயாணத்தின் தொடக்கத்தில் ஒரு சூரியோதயமும் முடிவில் இன்னொரு சூரியோதயமும் வாய்த்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்த் நகரம் கொக்கலவுக்குக் கிழக்கே சுமார் 35 பாகை தள்ளியிருக்கிறது. கிழக்கு நோக்கிப் பறப்பவர்கள் சூரியனை எதிர்கொண்டு போகிறார்கள். ஆகவே அவர்களுக்கு ஓர் உதயத்துக்கும் மறு உதயத்துக்கும் இடையே சுமார் 22 மணி நேரந்தான். மேற்கு நோக்கி வருபவர்களோ சூரியனுக்கு முதுகு காட்டி ஓடுகிறார்கள். அவர்களுக்கு அதே இடைவெளி சுமார் 26 மணி ஆகிவிடும். கடிகாரம் இருவருக்கும் ஒன்றே. நாள் மட்டும் ஒருவருக்குச் சுருங்கியது, ஒருவருக்கு நீண்டது!

இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆகாயத்தில் இருந்ததற்கு அடையாளமாகப் பிரயாணிகளுக்கு ஒரு பத்திரம் வழங்கினார்கள். 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க'த்தில் இன்னார் அங்கத்தினர் என்பது அதன் சாரம். உண்மையில் அப்படி ஒரு சங்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. பட்ட கஷ்டத்துக்கு அது ஓர் ஆறுதல் பரிசு!

கஷ்டம் கொஞ்சநஞ்சமா? குளிர்த் தடுப்பு உறை இல்லாத உலோகக் கூடு. தலைக்கு மேலே இரண்டு எஞ்சின்களின் ஓயாத இரைச்சல். பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டி. எழுந்து உலாவ இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல், கடல், கடல். பிரயாணிகளாவது இறங்கியதும் தூங்கலாம். விமானிகள் ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் விழித்திருந்துவிட்டு, கடைசியில்தான் மிகக் கடினமான வேலையைச் செய்யவேண்டும்: நீரில் பத்திரமாக இறக்க வேண்டும்.

கொக்கல வந்து சேர்ந்த தபால் அங்கிருந்து கராச்சிக்குப் போகும். சிறிது காலத்தில் க்வாண்டாஸ் விமானங்களே கராச்சிவரை போகத் தொடங்கின. கராச்சியிலிருந்து பிரிட்டிஷ் கம்பெனி விமானங்கள் இங்கிலாந்துக்குச் சுமந்து சென்றன. அறுந்த கயிறு வேறொரு வழியாக முடிச்சுப் போடப்பட்டது.

ஊரை இழந்தவர்கள்

விமானிகளின் வீரத்தைப் பேசும்போது மற்றொரு பகுதியையும் மறக்கக் கூடாது. கொக்கல வெறும் ஏரி அல்ல. அதைச் சுற்றி ஒரு பழைய கிராமம் இருந்தது. விமானத் தளம் அமைக்க அந்தக் கிராமம் தேவைப்பட்டது. ஜனங்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாய் வைத்து வளர்த்த தென்னைகள், கிணறுகள், வீடுகள் எல்லாம் யுத்தத்துக்குப் பலியாயின.

சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளரான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-ல் பிறந்தது இந்தக் கொக்கலவில்தான். தென்னிலங்கைக் கிராமம் ஒன்று எப்படி மாறிப்போகிறது என்று சொல்லும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் வெளிவந்த ஆண்டு 1944. அவர் பிறந்த ஊரின் ஏரியிலிருந்து காடலினாக்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த அதே ஆண்டு! அவர் பிறந்த வீடு மட்டும் இடிபடாமல் தப்பியது. இன்று அதைச் சுற்றி, கிராமத்துப் பழம்பொருள்களைச் சேர்த்து வைத்த ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஏர், படகு, பானை, பொம்மை என்று ஒரு காலத்தில் அந்த ஊரில் புழங்கிய பொருள்களை அங்கே காணலாம்.

தூரத்து மக்களை ஒன்று சேர்க்கப் பிறந்த பாதைக்கு, பக்கத்து மக்கள் தங்கள் ஊரையே விலையாகக் கொடுத்தார்கள். 3,513 மைல் கணக்கில் இதுவும் சேர வேண்டிய தொகை.

271 தடவை

1944-ல் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் விமானங்கள் வந்தன. இவை தரையில் இறங்குபவை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள லியர்மன்த் என்ற இடத்திலிருந்து கொழும்புக்கு அருகே இரத்மலானைக்குப் பறந்தன. தூரம் ஏறக்குறைய 4,900 கிலோமீட்டர். நேரம் சுமார் 17 மணி. இன்று உலகமெங்கும் க்வாண்டாஸ் விமானங்களின் வாலில் காணும் கங்காரு சின்னம் முதன்முதலில் வரையப்பட்டது இந்த லிபரேட்டர்களில்தான்.

காடலினாக்களின் கடைசிப் பிரயாணம் 1945 ஜூலையில் நடந்தது. அதற்குள் அவை 271 தடவை கடலைக் கடந்திருந்தன. மொத்தம் ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர். பூமியை 38 தடவை சுற்றிவந்த தூரம். இத்தனை பிரயாணத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதிர்ஷ்டம் ஒரு தடவை கைகொடுக்கும், பத்துத் தடவை கைகொடுக்கும்; 271 தடவை கைகொடுக்காது. ஒவ்வொரு தடவையும் எஞ்சினைக் கழுவித் துடைத்துச் சோதித்த தொழிலாளி, பெட்ரோலைத் துளித் துளியாகக் கணக்கிட்ட எஞ்சினியர், தூக்கக் கண்ணோடு நட்சத்திரத்தை அளந்த வழிகாட்டி, இவர்களுடைய கவனம் கொடுத்த பலன் அது.

இன்று

அந்தக் கடலின் நடுவே இன்று இறங்க இடம் இருக்கிறது. 1945-ல் கொக்கோஸ் தீவில் தென்னைகளை அகற்றி ஓடுபாதை போட்டார்கள். 1952-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் விமானங்கள் அங்கே இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டன. பெர்த் நகரத்திலிருந்து அந்தத் தீவு சுமார் 2,900 கிலோமீட்டர். சுமார் அறுநூறு பேரே வாழும் அந்தச் சிறு தீவுக்கு இன்று பெர்த்திலிருந்து விமானம் போய்வருகிறது. கொக்கலவிலும் ஏரியை அடுத்து ஒரு விமான நிலையம் உண்டு.

2018 மார்ச்சில், பெர்த் நகரத்திலிருந்து லண்டனுக்கு முதன்முதலாகப் பிரயாணிகள் விமானம் நிற்காமலே பறந்தது. தூரம் 14,498 கிலோமீட்டர். நேரம் சுமார் 17 மணி. அன்று கொக்கலவுக்கு வருவதற்கே போதாத நேரத்தில் இன்று லண்டனே வந்துவிடுகிறது! சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்க க்வாண்டாஸ் ஒரு திட்டம் வகுத்தது. 2019-ல் அதற்காகச் சோதனைப் பிரயாணங்கள் நடத்தியபோது, நியூயார்க்கிலிருந்து சிட்னி வர 19 மணி 16 நிமிஷம் ஆயிற்று. அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'சூரியோதயத் திட்டம்'. பழைய காடலினாக்களின் நினைவாகத்தான்.

அந்தக் காடலினாக்கள் என்ன ஆயின? அவை அமெரிக்கா யுத்த காலத்தில் கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி கொடுத்தவை. யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு விமானங்களைப் பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் இழுத்துப்போய்க் கடலில் மூழ்கடித்தார்கள். ஐந்தாவது சிட்னிக்கு வெளியே மூழ்கடிக்கப்பட்டது.

யுத்தத்தில் எதிரியால் வீழ்த்த முடியாதவற்றை, சமாதானத்தில் சொந்தக்காரர்களே மூழ்கடித்தார்கள்! சித்திரை, கேட்டை, திருவோணம் என்று நட்சத்திரப் பெயர் தாங்கி, 271 இரவுகள் ஆகாயத்தில் விழித்திருந்த அந்தப் பறக்கும் படகுகள் இப்போது கடலடியில் உறங்குகின்றன. அவை சுமந்துவந்த கடிதங்களில் எத்தனையோ, ஆஸ்திரேலிய வீடுகளில் பழைய பெட்டிகளுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும். தூரத்தை வென்றதற்கு அவற்றைவிட வேறு சாட்சி வேண்டாம்.